குருவியும் பூட்ஸும் ஒரே பக்கத்தில்

கிளமெண்ட் எண்டகாட் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் இந்தப் பாறைக்கு வந்து போயிருந்தார்.

பாறை இடுக்கு டப்பாவில் இருந்த நோட்டு அப்படித்தான் சொன்னது. அவருடைய மனைவி தர்சா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கம்பளிச் சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். குருவி அங்கேயேதான் இருந்தது. முத்திரையாகக் குத்திய சதுரக் கட்டத்துக்குள் ஒரு கல்லின் மேல் நின்று, தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும் வாலடி வெளுத்த குருவி. பக்கத்தில் பேனாவால் தேதி: 13 அக்டோபர் 1991.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" பாறைக்கு அந்தப் பக்கம் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த லவ்டே கேட்டாள். லவ்டே கிளமெண்டின் தங்கை. வாயில் உருளைக்கிழங்கும் கறியும் வைத்த பாஸ்டி இருந்தது, ஆனால் அது அவள் பேச்சுக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. "டப்பாக்குள்ள பாம்பு கீம்பு சுருண்டு கெடக்குதா?"

தர்சா நோட்டை நீட்டினாள். லவ்டே எட்டிப் பார்த்தாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"அண்ணன்," என்றாள்.

டார்ட்மூர் என்ற இந்த மேட்டுவெளியில், சுருக்கமாக மூரில், நாங்கள் லெட்டர்பாக்ஸ் தேடுவது என்று சொல்வது இதுதான். யாராவது ஒருவர் பாறை இடுக்கில் ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார். அதில் ரப்பர் முத்திரை ஒன்றும் நோட்டு ஒன்றும் இருக்கும். தேடிக் கண்டுபிடித்தவர் டப்பாவின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். தன்னுடைய சொந்த முத்திரையை டப்பாவின் நோட்டில் குத்தி, தேதி போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். இதற்காக மழையிலும் சேற்றிலும் முட்டி தேய நடக்கிற பெரிய மனிதர்கள் எங்கள் பக்கம் ஆயிரக்கணக்கில் உண்டு. சொந்த முத்திரை என்பது கையெழுத்துக்குச் சமம். ஒருவருடையதை இன்னொருவர் தொடமாட்டார். ஆள் போனால் முத்திரையும் அதோடு சரி.

கிளமெண்டின் முத்திரையும் அவரோடுதான் போயிருந்தது. தர்சாவே அதைத் துணியில் சுற்றி, அவருடைய ட்வீட் கோட்டின் உள்பையில் வைத்தாள். சவப்பெட்டியை மூடி ஆணி முடுக்கும்வரை பக்கத்தில் நின்றாள். நாற்பது வருடம் மழைக்கும் பனிக்கும் அந்த மனிதரோடு போன பொருள் அது. தனியாக அனுப்ப மனம் வரவில்லை. இந்த இரண்டு வருடத்தில் அவள் தூங்கின கொஞ்ச நஞ்சத் தூக்கமும், குருவி அவர் பையில் இருக்கிறது என்ற நினைப்பில் தூங்கினதுதான்.

"யாராவது பாத்துச் செதுக்கியிருப்பானுங்க," என்றாள் லவ்டே. குரலில் உறுதியில்லை. "காப்பியடிக்கிறதுக்கா நம்ம ஊர்ல ஆளில்ல?"

"கீழ பாரு. இடது மூலை."

கட்டத்தின் கோடு இடது மூலையில் ஓர் அரிசி அளவுக்கு அறுந்திருந்தது. கிளமெண்ட் செதுக்குவார்; செதுக்கின ரப்பரின் ஓரத்தை நறுக்கி மரக்கட்டையில் ஒட்டுவது தர்சாவின் வேலை. இந்தக் குருவியை முதன்முதலில் நறுக்கும்போது அவளுடைய கத்தி வழுக்கிவிட்டது. கிளமெண்ட் மூன்று நாள் முணுமுணுத்தார். நாலாம் நாள், குருவி வெளியே போய்வர ஒரு வாசல் வேண்டாமா என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். காப்பியடிக்கிறவன் குருவியைக் காப்பியடிப்பான். கத்தி வழுக்கினதையுமா காப்பியடிப்பான்?

"அப்போ இது..." லவ்டே பாஸ்டியைக் காகிதத்தில் வைத்தாள். "தர்சா, அப்போ யாராவது அண்ணனைத் தோண்டி..."

"வாயை மூடு."

தோண்டுவதெல்லாம் நடக்காத காரியம். ஆனால் சொன்னது சொன்னதுதான். தர்சாவுக்கு கல்லறைக் குழியையும் ஈர மண்ணையும் யாரோ ஒருவனுடைய கை கோட்டுப் பைக்குள் நுழைவதையும் கண்ணால் பார்த்துவிட்டதுபோல இருந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அதே பக்கத்தில் இருந்த இன்னொன்றைப் பார்த்தாள்.

குருவிக்குப் பக்கத்தில், இரண்டு விரல் இடைவெளியில், கட்டத்துக்குள் ஒரு பூட்ஸ்.

அதே தேதி. அதே பேனா.

"வில்மட் ஹன்னாஃபோர்ட்," என்றாள் தர்சா.

வில்மட் ஹன்னாஃபோர்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; பூட்ஸ் அவருடைய முத்திரை. முன்பு மாதாமாதம் டப்பாக்களின் இருப்பிடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து டப்பா தேடுகிறவர்களுக்கு விநியோகித்தார். அதில்தான் வந்தது வினை. கல்யாணமான வருடம் கிளமெண்ட் தர்சாவுக்காக ஓர் ஓடைக்கரைப் பாறையில் டப்பா ஒன்று வைத்திருந்தார். அந்த இடத்தை வாயால் மட்டும்தான் சொல்லலாம், எழுதக்கூடாது. அப்படிப்பட்ட டப்பாக்கள் எங்களிடம் உண்டு, அந்த மரியாதையை யாரும் மீறமாட்டார்கள். வில்மட் எங்கேயோ காதில் விழுந்ததைக் குறிப்புத்தாளில் போட்டுவிட்டார். அது வாயால் சொல்லவேண்டியது என்று தனக்குத் தெரியாது என்றார். அடுத்த சனி ஞாயிறில் நாற்பது ஐம்பது பேர் போய், கல்லைப் புரட்டி, கரையை மிதித்துச் சேறாக்கிவிட்டார்கள். டப்பா போன இடம் தெரியவில்லை.

அடுத்து நாங்கள் எல்லோரும் கூடிய வசந்தக் கூட்டத்தில் வில்மட் தன் நோட்டைத் திறந்து, மேலே தேதி எழுதி, கிளமெண்டிடம் நீட்டினார். சந்தித்துக்கொண்டால் ஒருவர் நோட்டில் ஒருவர் முத்திரை குத்துவது எங்கள் வழக்கம். சண்டையை முடிக்கவும் அதுவே போதும். அறை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளமெண்ட் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார். கையைப் பைக்குள் விட்டார். விட்ட கையை வெளியே எடுக்காமலேயே டீ மேஜைப் பக்கம் நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எந்த டப்பாவைத் திறந்தாலும், பக்கத்தில் பூட்ஸ் இருந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்பித்தான் குருவியைக் குத்துவார். பத்து வருடம் அப்படி. குளிரில் விரல் விறைத்திருந்தாலும் பக்கம் திருப்புவார். அந்தக் குருவிதான் இப்போது பூட்ஸோடு ஒட்டி உரசிக்கொண்டு நிற்கிறது.

"நக்கல் பண்றான் கெழவன்," என்றாள் லவ்டே. "செத்தவன் திரும்பி வந்து கேக்கமாட்டான்னு தைரியம். நட, கார எடு... நான்தான் எடுக்கணும். நட."

தர்சா நோட்டைப் பாலிதீன் பையில் போட்டு, டப்பாவை மூடி, இடுக்கில் வைத்து, பாசிக்கல்லை முன்னால் சாய்த்தாள். எத்தனை கோபத்திலும் அதைச் செய்யாமல் வரமுடியாது. இருவரும் இரண்டு மைல் திரும்பி இறங்கினார்கள். இரண்டு வருடமாக மூருக்கே வராத தர்சாவை, "ஊரான் முத்திரைக்கெல்லாம் கட்டை ஒட்டிக்கிட்டு அடுப்படியிலேயே மக்கிப்போறியே" என்று வம்பு பண்ணி இழுத்துவந்தது லவ்டேதான். அவளே இப்போது வாயைத் திறக்கவில்லை. லவ்டே மௌனமாக இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

வில்மட்டின் வீடு சந்தின் கடைசியில் இருந்தது. கதவைத் தட்டினது தர்சா. திறந்தவர் காலில் கம்பளி உறை மட்டும் போட்டுக்கொண்டு, கையில் வாட்டின ரொட்டியோடு நின்றார். அவளைப் பார்த்ததும் ரொட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மிஸஸ் எண்டகாட்," என்றார். "உள்ள வாங்க. நீங்க என்னைக்காவது ஒருநாள் வருவீங்கன்னு தெரியும்."

"தெரியுமாமே!" என்றாள் லவ்டே. "திருடினவனுக்குத் தெரியாமயா இருக்கும்?"

தர்சா வாசலைத் தாண்டவில்லை. "எப்படி எடுத்தீங்க?"

"எதைங்க?"

"என் புருஷன் கோட்டுப் பையில நான் வெச்சதை. மண்ணுக்குள்ள போனதை. அது எப்படி உங்க கைக்கு வந்துச்சு? யாரு எடுத்துக் குடுத்தா? அடக்கம் பண்ண வந்தவங்கள்ல ஒருத்தனா?"

வில்மட்டுக்கு முகம் வெளுத்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவருடைய முகமாக அது இல்லை. தர்சா அதைப் பார்க்கத்தான் செய்தாள், ஆனால் பார்க்க விரும்பவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்கன்னே புரியல," என்றார் அவர். "அதை நீங்கதானே எனக்குக் குடுத்தீங்க?"

"நானா!"

"அடக்கத்துக்கு மறுநாள். பப் நடத்துற அந்தம்மா கையில குடுத்து அனுப்பினீங்க. துணியில சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு. எப்பவும் நீங்க எல்லாருக்கும் குடுக்கிற மாதிரியே."

"நான் குடுத்தது உங்க பூட்ஸை!"

வில்மட் உள்ளே போனார். பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து அடுப்படி மேஜைமேல் வைத்துத் திறந்தார். தர்சா தன்னை அறியாமல் உள்ளே வந்திருந்தாள்.

டின்னுக்குள் கட்டை இருந்தது. செர்ரி மரம், உடைந்த நாற்காலிக் கால். அவளே அறுத்து, உப்புத்தாள் தேய்த்து, மூலை மழுக்கினது. கட்டையின் தலையில், எந்தப் பக்கம் மேல் என்று தெரிவதற்காக அவள் ஒட்டும் காகிதம். அதன்மேல் வார்னிஷ். காகிதத்தில் இருந்தது பூட்ஸ். அவளுக்கு ஒரு நிமிடம் மூச்சு வந்தது. இதோ, பூட்ஸ்தானே, நான் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

கட்டையைத் திருப்பினாள்.

அடியில் குருவி இருந்தது.

லவ்டே, "அய்யய்யோ," என்றாள்.

தர்சாவுக்கு நாற்காலியை யார் இழுத்துப் போட்டார்கள் என்று தெரியாது, உட்கார்ந்தாள். அந்த மதியம் இரண்டு வருடம் கழித்து அவள் கண்முன்னே வந்து நின்றது.

கிளமெண்ட் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளாகக் கிடந்தார். நெஞ்சுவலிதான், தேறிக்கொண்டிருந்தார். ஈரம் குடித்துக் குருவியின் பழைய கட்டை பிளந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் புதுக்கட்டை போட்டு வை என்று படுக்கையிலிருந்தே அதிகாரம் பண்ணியிருந்தார். அதே வாரம் பப் நடத்தும் அம்மா மூலமாக வில்மட்டின் பூட்ஸும் அதே வேலைக்கு வந்தது. கிளமெண்ட் வீட்டில் இருந்திருந்தால் தர்சா வாங்கியிருக்கமாட்டாள். இல்லாத நேரம் பார்த்து வாங்கிக்கொண்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. வேலை வேலைதான், சண்டை அவர்கள் பாடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எதிலுமே ஒத்துப்போகாத அந்த இரண்டு ஆண்களும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள்: இருவருக்கும் இரண்டங்குலச் சதுரக் கட்டம். காலையிலேயே இரண்டு கட்டைகளுக்கும் தலைக்காகிதம் ஒட்டி வார்னிஷ் பூசிக் காயவைத்துவிட்டாள். மதியம் இரண்டு ரப்பர்களையும் குப்புறப்போட்டு, பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்தாள். குப்புறக் கிடந்தால் ஒரு ரப்பருக்கும் இன்னொரு ரப்பருக்கும் என்ன வித்தியாசம்? சாம்பல் நிறத்தில் இரண்டு சதுரம், அவ்வளவுதான். ரப்பரிலும் கட்டையிலும் பசையைத் தடவிவிட்டுக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும், விரலில் ஒட்டாத பதம் வரும்வரை. பதம் தப்பினால் பசை வீண். வைத்து அழுத்திவிட்டால் பிறகு நகர்த்தவும் முடியாது, பிய்க்கவும் முடியாது.

பத்தாவது நிமிடம் போன் அடித்தது. நர்ஸ்தான். உடனே வாருங்கள் என்றாள்.

எதை எடுத்துக்கொண்டு ஓடினாள், எந்தக் கோட்டைப் போட்டாள், தெரியாது. ஆனால் ஓடுவதற்கு முன்னால் இந்தப் பாழாய்ப்போன கைகள், நாற்பது வருடப் பழக்கத்தில், பதத்துக்கு வந்த பசையை வீணாக்க மனமில்லாமல், இரண்டு ரப்பரையும் தூக்கி இரண்டு கட்டைமேலும் வைத்து அழுத்தி, மேலே செங்கல்லையும் வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. திருப்பிப் பார்க்கவில்லை. மாதிரிக்கு ஒரு தடவை குத்திப் பார்க்கவில்லை. மாதிரி குத்திப் பார்க்காமல் ஒரு முத்திரைகூட அவள் வீட்டுப்படி தாண்டினதில்லை. அந்த வாரம் இரண்டு தாண்டின. துணியில் சுற்றும்போதும் தலைக்காகிதத்தை மட்டும்தான் பார்த்தாள். குருவி படம் போட்டது கோட்டுப் பைக்கு. பூட்ஸ் படம் போட்டது பப்புக்கு.

அப்படியானால் கோட்டுப் பையில் இருப்பது?

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் பிரிச்சுப் பாத்தப்போ," என்றார் வில்மட், நின்றுகொண்டே, "மேல என் பூட்ஸ், அடியில அவர் குருவி. என்னடா இதுன்னு ரொம்ப நேரம் கையில வெச்சிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் புரிஞ்சுது. ரெண்டு பேரையும் ஒரே கட்டையில சேத்துட்டீங்க. அவர்தான் சொல்லியிருப்பார், ஆஸ்பத்திரியில இருந்து. வாயால சொல்ல மாட்டார், அவர் சுபாவம் அது. இப்படித்தான் சொல்வார்." டின் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பினார். "அடக்கத்தன்னிக்கு நான் சர்ச் கேட்டுக்கு வெளியிலயே நின்னுட்டேன், உள்ள வர தகுதியில்லன்னு. மறுநாள் இது வந்துச்சு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல, அதான் வரவே இல்ல. இதைப் போய் வாயைத் திறந்து பேசிக் கெடுக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

"அப்புறம் அதை எடுத்துக்கிட்டு மூரெல்லாம் குத்திட்டுத் திரிஞ்சீங்களாக்கும்," என்றாள் லவ்டே. ஆனால் அவள் குரலில் பழைய காரம் இல்லை.

"அவர் போகாத டப்பாவுக்கு மட்டும்தான். நோட்டை முதல் பக்கத்துல இருந்து புரட்டிப் பாப்பேன். குருவி இருந்தா மூடி வெச்சிடுவேன். இல்லன்னாத்தான் குத்துவேன். அவரைக் கூட்டிட்டுப் போற மாதிரி." மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வரிசையாகத் தேதியும் இடமும், சுத்தமான கையெழுத்தில். "நாப்பத்தி ஒண்ணு ஆயிருக்கு. என் பூட்ஸை நானே புதுசாச் செதுக்கிக்கிட்டேன். கட்டையும் நானே போட்டேன்."

"கோணலா போட்டிருக்கீங்க," என்றாள் தர்சா. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "ஓரத்தைச் சரியா நறுக்கல. கட்டத்துக்கு வெளியில மை அப்புது."

"ஆமாங்க. உங்க கை வராது."

அவர் சிரித்தார். பிறகு அவளை நேராகப் பார்த்துக் கேட்டார்: "அவர் அன்னிக்கு என்ன சொன்னாருன்னு சொல்லுங்களேன். கேக்கணும்னு ரெண்டு வருஷமா இருக்கு."

லவ்டே தர்சாவின் தோளில் கையை வைத்து அழுத்தினாள். சொல்லாதே என்றா, சொல் என்றா, அந்த அழுத்தத்தில் தெரியவில்லை. ஒரு வார்த்தை போதும். மன்னிச்சிட்டேன்னு சொன்னார், என்றால் முடிந்தது. இந்த மனிதர் சாகும்வரை நிம்மதியாக டப்பா தேடுவார். தர்சாவின் நாக்கு நுனிவரை அது வந்தது. ஆனால் வாழ்நாளில் ஒரு கட்டையைக்கூட அவள் தெரிந்து தப்பாக ஒட்டினதில்லை.

"அவர் ஒண்ணும் சொல்லல," என்றாள். "நான் போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டார். போன் அடிச்சுது, நான் பதட்டத்துல ரப்பரை மாத்தி ஒட்டிட்டேன். அவ்வளவுதான் நடந்துச்சு. உங்க பூட்ஸுக்கு நான் கட்டை போடுறதே அவருக்குத் தெரியாது."

அடுப்பின்மேல் கெட்டில் கொதித்துக் கூவத் தொடங்கியது. லவ்டே போய் அணைத்தாள்.

"மாத்தி," என்றார் அவர்.

"ஆமா."

"அப்போ என் பூட்ஸ்?"

"அவர் நெஞ்சு மேல இருக்கு. என் கையாலதான் வெச்சேன்."

லவ்டேவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையென்று நினைத்துத் தர்சா திரும்பினாள், சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பக்கத்துப் பக்கத்துல கூட விடமாட்டானே எங்கண்ணன்! இப்போ நெஞ்சு மேலயே ஏறி உக்காந்திருக்கே பூட்ஸு! உள்ள கெடந்து என்ன கத்து கத்துறானோ!" பிறகு அவளே வாயடைத்துப்போய், "மன்னிச்சுக்கோ, தர்சா," என்றாள்.

தர்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கம் வந்தது, பயங்கரமான வெட்கம். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரை, அவருக்குப் பிடிக்காத ஒரே ஆளின் முத்திரையோடு அனுப்பிவைத்திருக்கிறாள். அதை நினைத்து நினைத்து நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறாள்.

வில்மட் கட்டையை இரண்டு கையாலும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். தாளையும் மடித்து அதன் பக்கத்தில் வைத்தார். "அப்போ இது உங்களுதுங்க. நான் தொட்டிருக்கவே கூடாது. நாப்பத்தி ஒரு டப்பாவுக்கும் போய் அந்தப் பக்கங்களைக் கிழிச்சு எடுத்துடறேன். வாரத்துக்கு நாலுன்னு போனா குளிர்காலம் முடியறதுக்குள்ள முடிச்சிடுவேன்." அவர் முகம் பத்து நிமிடத்தில் பத்து வயது கூடியிருந்தது. "மன்னிச்சிட்டாருன்னு நெனச்சிட்டேன் பாருங்க. கிறுக்கன்."

தர்சா குருவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வந்த காரியம் முடிந்தது. கதவுவரை போனாள்.

அங்கே நின்றாள்.

"அந்த நோட்டு இருக்கா?" என்று கேட்டாள்.

"எந்த நோட்டுங்க?"

"அன்னிக்குக் கூட்டத்துல அவர்கிட்ட நீட்டினீங்களே, அது."

வில்மட் தயங்கினார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து, முதுகில் துணி ஒட்டின பழைய நோட்டை எடுத்தார். தேடவேண்டிய அவசியமில்லாமல் அது தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது. மேலே ஒரு தேதி மட்டும்: 6 மே 1979. அதற்குக் கீழே பன்னிரண்டு வருட வெறுமை.

"குருவி ரெண்டு வருஷமா உங்க கையிலதானே இருந்துச்சு," என்றாள் தர்சா. "இதுல ஏன் குத்திக்கல?"

"அது எப்படிங்க? இது அவரா போடவேண்டியது. நானே போட்டுக்கிட்டா அதுக்கு என்ன அர்த்தம்?"

தர்சா அந்த வெள்ளைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடைக்கரைப் பாறை ஞாபகம் வந்தது. கல்யாணமான வருடம், கிளமெண்ட் அவள் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போனது. அந்த டப்பா போனதும் அவர் கோபப்பட்டார், ஊரே அவருக்காகக் கோபப்பட்டது. பத்து வருடம் அவர் நோட்டின் பக்கத்தைத் திருப்பினபோதெல்லாம் இவள் அருகில் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த டப்பா அவர் எனக்கு வெச்சது," என்றாள். "எனக்கு. அது போனதுக்கு யாரு யாரோ கோவிச்சுக்கிட்டாங்க. உனக்கு என்ன தோணுதுன்னு என்னை ஒருத்தரும் கேக்கல. அவர் கேக்கல. நீங்களும் கேக்கல, நோட்டை அவர்கிட்டதான் நீட்டினீங்க."

வில்மட் "ஆமாங்க," என்றார். "அது தோணவே இல்ல."

"மை இருக்கா?"

லவ்டேதான் டின்னுக்குள் துழாவி மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தாள். தர்சா பையிலிருந்து கட்டையை எடுத்தாள். குருவியை மையில் மூன்று தடவை தட்டினாள். கட்டையின் தலையில் பூட்ஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கட்டையைக் கவிழ்த்து, ரப்பரையே கண்ணால் பார்த்து, எது மேல் எது கீழ் என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு அந்தப் பக்கத்தின் நடுவில் வைத்து, உள்ளங்கையின் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினாள்.

"அவர் மன்னிச்சாரான்னு எனக்குத் தெரியாது. போய்ச் சேந்தப்புறம் நீங்களே கேட்டுக்கோங்க. உங்க பூட்ஸ் அங்கதான் இருக்கு, பேச்சை ஆரம்பிக்க வசதியா இருக்கும். இது அவர் போடல." கட்டையைத் தூக்கினாள். "இது நான் போடுறேன். தெரிஞ்சே போடுறேன்."

வில்மட்டின் பேனாவை வாங்கி, 1979-ஐ ஒரே கோட்டில் அடித்து, அன்றைய தேதியை எழுதினாள். குருவியின் கீழே, கோடு அறுந்த இடது மூலைக்குப் பக்கத்தில், கையெழுத்தும் போட்டாள். கிளமெண்ட் என்று எழுதவில்லை. தர்சா எண்டகாட் என்று எழுதினாள்.